கூடத்துக்கும் மாடிக்கும் பதினெட்டு மீட்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு என் குறிப்பேட்டில் எழுதிய முதல் வரி இது: "கேபிளின் இரண்டு முனையிலும் பச்சை விளக்கு எரிகிறது. மாடியில் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கீழே இருப்பது தெரியவில்லை. கீழே இருப்பதற்கு மாடியில் இருப்பது தெரியவில்லை."

அதற்குக் கீழே மாலை வரை பதினேழு வரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டிருக்கிறேன். எதையும் நேரம் போட்டு எழுதுவது என் தொழில் கொடுத்த பழக்கம். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பல பட்டறைகளுக்கும் பொதுவான ஒரு சூளையில் அப்போது நான் மேற்பார்வையாளராக இருந்தேன். பொம்மை செய்கிறவர்கள், அகல் செய்கிறவர்கள், மின்சார ஃபியூஸ் கட்டை செய்கிறவர்கள் எல்லாரும் தங்கள் சரக்கைப் பச்சையாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தட்டுத் தட்டாக அடுக்கிய இரும்பு வண்டிகளில் அவற்றை ஏற்றிச் சூளைக்குள் தள்ளுவோம். சுடுவதற்கு முன் பத்துப் பட்டறைப் பிள்ளையாரும் ஒரே வெள்ளைப் பிள்ளையார்தான். வெளியே வரும்போது எது யாருடையது என்று சொல்ல வேண்டுமானால் எண் வேண்டும். வண்டி, தட்டு, இடம் என்று மூன்று எண்கள். மூன்றாம் வண்டி, இரண்டாம் தட்டு, ஏழாம் இடம் என்று ஏட்டில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போய் அந்தப் பொம்மையை எடுத்துவிடலாம். இருபது வருடத்தில் ஒருவர் பொம்மையை இன்னொருவரிடம் நான் கொடுத்ததில்லை.

சூளையில் இன்னொரு விதியும் உண்டு. சரக்கு விரிசல் விட்டால் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். சூட்டையும் மாற்றி, வண்டி தள்ளும் வேகத்தையும் மாற்றினால் எதனால் சரியானது என்று கடைசி வரை தெரியாது. இந்த விதியை நான் வீட்டிலும் கடைப்பிடிப்பேன். சாம்பாரில் உப்பு குறைந்தால்கூடத் தேதி போட்டு எழுதி வைக்கிற ஆள் என்று என் மனைவி தபால் அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அப்படி எழுதியதில்லை. ஆனால் அவள் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

அன்று நான் சரிசெய்ய வேண்டியிருந்தது என் தங்கையின் காரியம். அவள் எங்கள் வீட்டு மாடியில் இருந்தாள். அவள் கணவருக்கு வடக்கே கட்டுமான வேலை, வருடத்துக்கு இரண்டு முறை வருவார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அச்சுக் கடையில் ஒன்பது வருடம் தமிழ் தட்டச்சு செய்தவள், அந்த வருடம் துணிந்து விலகி வீட்டிலேயே தொழில் தொடங்கியிருந்தாள். கடையில் கழித்துப்போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரையும், கனத்த ஒரு பழைய பிரிண்டரையும் விலைக்கு வாங்கி எங்கள் கூடத்தில் வைத்தாள். தெருக்காரர்கள் மனு அடிக்கவும் பத்திரிகை அடிக்கவும் வந்தார்கள். மூன்று மாதம் கழித்துப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி மாடி அறையில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு தனியார் பள்ளியின் எழுத்தர் அவளைத் தேடி வந்தார். அரையாண்டுத் தேர்வு வினாத்தாள். ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் ஐந்தைந்து தாள். இது ஒழுங்காக முடிந்தால் மற்ற வகுப்புகளும் முழு ஆண்டுத் தேர்வும் அவளுக்கே வரலாம் என்றார். 'வரலாம்' என்றுதான் சொன்னார், 'வரும்' என்று சொல்லவில்லை. ஒரு நிபந்தனையும் இருந்தது. தாளை வேறு கண் பார்க்கக் கூடாது. முன்பு வேறு எங்கோ கொடுத்தபோது ஒரு தாள் வெளியே போய்விட்டதாம். அதனால் அவள் மாடி அறையைச் சாத்திக்கொண்டு எட்டு நாள் தட்டச்சு செய்தாள். பத்துத் தாள், மொத்தம் முப்பத்தெட்டுப் பக்கம். வெள்ளிக்கிழமை முடிந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எழுத்தர் வந்து அச்சுப் பிரதியை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

தாள்கள் மாடியில் இருந்தன, பிரிண்டர் கீழே இருந்தது. பிரிண்டரை மாடிக்குத் தூக்கிப் பயனில்லை. அதன் தடித்த வயரைச் செருகப் புதிய கம்ப்யூட்டரில் இடமே இல்லை. பென் டிரைவைச் செருகினால் பழைய கம்ப்யூட்டருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. பழையதில் ஃபிளாப்பி போடும் வாய் உண்டு, ஆனால் எங்கள் தெருவரை அடிக்கும் தொழிற்பேட்டைத் தூசு புகுந்து அது செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புதியதில் அந்த வாயே கிடையாது. வீட்டில் இன்டர்நெட்டும் இல்லை. ஆகவே இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் யோசனை சொன்னார்.

சனிக்கிழமை பிற்பகல் அவரே வந்து மாடிப்படி ஜன்னல் வழியாகக் கேபிளை இழுத்துக் கொடுத்தார். அவர் பதினைந்து மீட்டர் என்றார். நான் டேப் வைத்து அளந்தேன், பதினெட்டு. பெண்ணாடத்தில் ஓர் ஆபீசில் கம்ப்யூட்டர் நின்றுபோய் அவரை மூன்று முறை போனில் கூப்பிட்டுவிட்டார்கள். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"லைட்டு எரியுது பாருங்க சார், அவ்ளோதான். இனிமே ரெண்டுக்கும் நம்பர் குடுத்தா போதும். முன்னாடி 192, 168 அப்படியே இருக்கணும். மிச்ச ரெண்டு நம்பர் உங்க இஷ்டம். ஒண்ணுக்குக் குடுத்ததை இன்னொண்ணுக்குக் குடுத்துடாதீங்க. நீங்க சூளையில நம்பர் போடறவரு, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அன்று மாலையே எண்களைக் கொடுத்தேன். கீழே இருப்பதற்கு 192.168.1.1. மாடியில் இருப்பதற்கு 192.168.2.1. எண்களைக் கொடுத்து முடித்ததும் அடுத்த கட்டத்தில் 255.255.255.0 என்று ஒன்று தானாக வந்து உட்கார்ந்தது. தானாக வந்ததைத் தொடக் கூடாது என்று விட்டுவிட்டேன். ஆனால் ஏட்டில் எழுதிக்கொண்டேன்.

ஞாயிறு காலை தங்கை குளித்துவிட்டுக் கீழே வந்தபோது ஒன்றுக்கொன்று தெரியவில்லை என்று சொன்னேன். அவள் முதலில் கவலைப்படவில்லை.

"புது மருமக மாதிரி கொஞ்சம் கூச்சப்படுது. விடுண்ணே, காப்பி குடிச்சிட்டு வா, அதுக்குள்ள பேசிக்கும்" என்றாள்.

காப்பி குடித்துவிட்டு வந்தேன். ஏழு நாற்பதுக்குக் கேபிளின் மேல் முனையைக் கழற்றி மாட்டினேன். மாற்றமில்லை. ஏழு ஐம்பத்தைந்துக்குக் கீழ் முனை. மாற்றமில்லை. எட்டு இருபதுக்கு இரண்டையும் அணைத்துப் போட்டேன். பிறகு கறுப்புத் திரையில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றை எண் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கும் வழி ஒன்று உண்டு, அதைச் செய்தேன். சேர வேண்டிய இடத்தை எட்ட முடியவில்லை என்று ஆங்கிலத்தில் நான்கு வரி வந்தது. மாடியிலிருந்து கூப்பிட்டாலும் அதே நான்கு வரி. என்ன வந்தது, எவ்வளவு நேரத்தில் வந்தது என்று இரண்டையும் எழுதினேன். சூளையில் சூடு ஏறுவதை அப்படித்தான் எழுதுவோம், எவ்வளவு என்று மட்டும் எழுதினால் பாதிக் கணக்குதான்.

ஒன்பது நாற்பதுக்குக் கடைக்காரர் போனை எடுத்தார். பெண்ணாடத்திலேயே தங்கிவிட்டாராம். விளக்கு எரிகிறதா என்று கேட்டார். எரிகிறது என்றேன். இரண்டுக்கும் வேறு வேறு எண்தானே என்று கேட்டார். வேறு வேறுதான் என்றேன். எண்ணை வாசிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை, நானும் வாசிக்கவில்லை. பின்னால் பல நாள் இதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே பதிலோடு திருப்தியாக இருந்தோம். புதியதில் வெளியிலிருந்து வருவதை மறிக்க ஒரு தடுப்பு இருக்கும், அதை எடுத்துவிட்டுப் பாருங்கள் என்றார். எடுத்தேன். பத்து ஐந்துக்கு மறுபடியும் அதே நான்கு வரி. மறுபடி கூப்பிட்டபோது திங்கள் மதியம் வந்துவிடுவதாகச் சொன்னார். எங்களுக்குத் திங்கள் காலை எட்டு மணி.

பதினொரு மணிக்குத் தங்கை ஆசிரியர்களின் கையெழுத்துப் பிரதிகளை மாடியிலிருந்து எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். தெருக்கதவைச் சாத்தித் தாழ் போடச் சொன்னாள். பழைய கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து ஆறாம் வகுப்புத் தமிழிலிருந்து மறுபடியும் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பக்கத்துக்கு முப்பத்தைந்து நிமிடம். முப்பத்தெட்டுப் பக்கம். இருபத்திரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சாப்பிடாமல், எழாமல், தப்பு விடாமல் அடித்தால். காலை எட்டு மணிக்கு இருந்தது இருபத்தொரு மணி நேரம். இந்தக் கணக்கை நான் அவளிடம் சொல்லவில்லை.

சிக்கல் என்னவென்றால், நான் எதைச் சோதித்தாலும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் எனக்கும் வேண்டும். பதினொன்றரைக்கு ஒரு முறை எழுந்து இடம் கொடுத்தாள். பன்னிரண்டு பத்துக்கு இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போயிற்று, அந்தப் பழையது அணைந்து எழுவதற்கே ஆறு நிமிடம். ஒரு மணிக்கு நான் மூன்றாவது முறை போய் நின்றபோது அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே, இந்தச் சீட்டை விட்டு இனிமே எழுந்திருக்க மாட்டேன். நீ சரி பண்ணுவேன்னு உக்காந்திருந்து, காலையில அந்த சாருக்கு வெறுங்கையை நீட்ட என்னால முடியாது."

"பத்து நிமிஷம்தான்."

"பத்து நிமிஷத்துல கால் பக்கம் அடிச்சிடுவேன். நானும் கணக்குப் போட்டுட்டேன். ராத்திரி முழுக்க அடிச்சாலும் ஏழாவது சோசியல் வராது. வர்ற வரைக்கும் வரட்டும்."

அவளும் அதே கணக்கைப் போட்டிருக்கிறாள். நான் மாடிக்குப் போய், அங்கிருந்து மட்டும் செய்யக்கூடிய இரண்டு சோதனைகளைச் செய்து எழுதினேன். இரண்டும் வீண்.

இதற்கிடையில் வாசலில் இரண்டு பேர் வந்து போனார்கள். நல்லூரிலிருந்து ஒருவர் பட்டா மனு அடிக்க வந்திருந்தார். என் மனைவி கதவைக் கையளவு திறந்து, கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை, செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள். உள்ளே விசைப்பலகை சத்தம் கேட்கிறதே என்று அவர் கேட்டிருக்கிறார். "அது ஜன்னி, தானா அடிச்சுக்குது" என்றாளாம். தங்கை அந்த நாளில் சிரித்தது அப்போது ஒரு முறைதான்.

இரண்டு பத்துக்கு மின்சாரம் போயிற்று.

விசைப்பலகைச் சத்தம் பாதி வரியில் நின்றது. தங்கை கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அதுவரை ஐந்து பக்கம் முடிந்திருந்தது. கடைசிப் பக்கத்தைச் சேமித்தாயா என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள், நாலரைப் பக்கம்தான் மிஞ்சும் என்று. தெருவில் எல்லா வீட்டிலும் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் லைன்மேனுக்குப் போன் செய்து, ஒரு மணி நேரமாகும் என்று கேட்டுச் சொன்னார்.

செய்ய ஒன்றும் இல்லாமல் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். ஜன்னல் வெளிச்சம் இருந்தது. என் மனைவி முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த என் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினாள். கேலி செய்வதற்குத்தான் எடுத்தாள் என்று நினைத்தேன்.

அவள் தபால் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து அப்போது பதினாறு வருடம். காலையில் போனதும் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பையில் போடுவதில்தான் அவள் நாள் தொடங்கும். கம்ப்யூட்டரில் அவளுக்கு ஆர்வமும் இல்லை, பயமும் இல்லை.

"என்னங்க, 'உடனே', 'உடனே'ன்னு அஞ்சு எடத்துல எழுதியிருக்கீங்களே, எது உடனே?" என்று கேட்டாள்.

இங்கிருந்து அதைக் கூப்பிட்டால் எட்ட முடியவில்லை என்று பதில் வருகிறது, அது எவ்வளவு நேரத்தில் வந்தது என்று எழுதியிருக்கிறேன் என்றேன்.

"உடனேன்னா?"

"பட்டனை அழுத்தின அதே செகண்டுல."

அவள் அந்த ஐந்து இடத்தையும் மறுபடி பார்த்தாள். "லெட்டரு ஊருக்குப் போயி, ஆளில்லன்னு திரும்பி வர்றதுன்னா நேரமாகும். அதே செகண்டுல வருதுன்னா அது போகவே இல்லீங்க. கவுண்டர்லயே வாங்கிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. நீங்க காலையிலேர்ந்து ரோட்டைச் சரி பண்ணிட்டு இருக்கீங்க. லெட்டரு ரோட்டுக்கே வரல."

ஏழு மணியிலிருந்து நான் கேபிளையும் முனைகளையும் தடுப்பையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் வழிதான். என் கையாலேயே ஐந்து முறை 'உடனே' என்று எழுதிவிட்டு, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு முறையும் கேட்டுக்கொள்ளவில்லை.

"கவுண்டர்ல ஏன் திருப்பிக் குடுக்கணும்?" என்றேன்.

"விலாசத்தைப் பாத்தாத்தானே சொல்ல முடியும். எங்க எழுதியிருக்கீங்க?"

முந்தைய நாள் பக்கத்தைக் காட்டினேன். அவள் எண்களை விரல் வைத்து வாசித்தாள்.

"கீழ 1.1. மேல 2.1. இது ஏன் ஒண்ணு, இது ஏன் ரெண்டு?"

"கீழ முதல் தட்டு, அதுல முதல் இடம். மாடி ரெண்டாவது தட்டு, அதுல முதல் இடம்." எனக்கு அது விளக்கம் தேவைப்படாத விஷயமாக இருந்தது.

தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள். "கம்ப்யூட்டரையுமா சூளையில ஏத்திட்டே?"

"கடைக்காரர் என் இஷ்டம்னுதானே சொன்னாரு."

மனைவி அதற்குள் அடுத்த வரிக்குப் போயிருந்தாள். "இது என்ன, 255, 255, 255, அப்புறம் சைபர்?"

"அது தானா வந்தது."

"தானா வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல? மூணு எடத்துல ஒரே மாதிரி, கடைசியில மட்டும் சைபர். மூணு வரைக்கும் பாருன்னு சொல்லுதோ என்னவோ." அவள் பென்சிலை எடுத்து என் இரண்டு எண்களுக்கும் மூன்றாவது புள்ளிக்குப் பிறகு ஒரு கோடு கிழித்தாள். என் ஏட்டில் இன்னொருவர் கோடு போட்டது அதுதான் முதல் முறை. "இந்தக் கோட்டுக்கு முன்னாடி இருக்கறது பின்கோடு. பின்னாடி இருக்கறது கதவு நம்பரு. இப்பப் பாருங்க. கதவு நம்பர் ரெண்டுக்கும் ஒண்ணு. பின்கோடுதான் வேற வேற."

நான் குனிந்து கோட்டுக்கு இரண்டு பக்கமும் பார்த்தேன்.

"எதிர் வூட்டுக்குப் போட்ட லெட்டரா இருந்தாலும் பின்கோடு பெண்ணாடத்துதுன்னா நான் தெரு பேரைப் படிக்க மாட்டேன். பெண்ணாடம் பையிலதான் போடுவேன். இங்க அந்தப் பையைத் தூக்கிட்டுப் போக ஆளே கெடையாது. அப்ப என்ன பண்ணும்? எட்ட முடியலன்னு கையிலயே திருப்பிக் குடுத்துடும். ஒரே வூட்டை நீங்க ரெண்டு ஊராக்கிட்டீங்க."

இது சரியாக இருக்கும் என்று நிச்சயமில்லை என்று சொன்னேன். சொன்னது பொய். கேட்ட கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. சூளையில் எண் என்பது சரக்கின் மேல் சாக்கட்டியால் எழுதும் அடையாளம். முதல் தட்டில் இருந்தாலும் இரண்டாம் தட்டில் இருந்தாலும் எல்லாம் ஒரே நெருப்பில்தான் வேகும், எண்ணை அழித்தாலும் பொம்மை வெந்துவிடும். கம்ப்யூட்டருக்கு எண் அடையாளம் இல்லை, ஊர். நான் மாடிக்கு அழகாக ஒரு தட்டு எண் கொடுத்து, அதை ஊர் கடத்தியிருந்தேன். ஒழுங்கில்லாத ஆள் யாராவது ஒன்று, இரண்டு என்று கடைசியில் போட்டிருந்தால் சனிக்கிழமை மாலையே வேலை முடிந்திருக்கும்.

தங்கை எழுந்து நின்றாள். "அண்ணி சொல்றதைப் போட்டுப் பாத்துடலாம்ணே. கரண்ட்டு வரட்டும்."

மூன்று பதினெட்டுக்கு மின்விசிறி சுற்றியது. நான் மாடிக்கு ஏறினேன். அப்போதும் என் விதியை மாற்றவில்லை, ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினேன். 2.1 இருந்த இடத்தில் 1.2. கீழே பழையது எழுந்துவிட்டதா என்று குரல் கொடுத்துக் கேட்டுக்கொண்டு, கறுப்புத் திரையில் அதைக் கூப்பிட்டேன்.

நான்கு வரி வந்தது. எட்ட முடியவில்லை என்ற நான்கு வரி இல்லை. பதில் வந்தது, பதில் வந்தது என்று நான்கு முறை. போய்த் திரும்பிய நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. பதினெட்டு மீட்டர். நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதக் கை போனது, ஏடு கீழே மனைவியிடம் இருந்தது. படியில் இறங்கி நின்று, "பதில் வருது" என்று மட்டும் சொன்னேன்.

தங்கை படியேறி வந்து தன் கண்ணால் பார்த்தாள். ஒரு தடவை அவளே கூப்பிட்டும் பார்த்தாள்.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. எண் தெரிந்தும், கம்ப்யூட்டர்களின் பெயர்ப் பட்டியலில் ஒன்று மற்றொன்றைக் காட்டவில்லை. இரண்டும் வேறு வேறு குழுப் பெயரோடு கடையிலிருந்து வந்திருந்தன. நான் வைத்த பெயர்கள் இல்லை, ஆனாலும் இந்த முறை நானே பார்த்துக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்து இரண்டுக்கும் ஒரே குழுப் பெயர் வைக்க இருபத்தாறு நிமிடம். நான்கு மணிக்குச் சற்று முன்பு, கீழே திரையில் மாடிக் கம்ப்யூட்டரின் படம் சின்னதாக வந்து நின்றது. அதைத் திறந்தால் தங்கையின் கோப்புறை. அதைத் திறந்தால் பத்துத் தாள்.

முதல் தாளைத் திறந்தபோது பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கொம்பு முளைத்த எழுத்தும். தங்கை என்னை நாற்காலியிலிருந்து எழுப்பினாள்.

"இந்த நோய்க்கு மருந்து எனக்குத் தெரியும், நீ நவுரு. புது ஃபாண்ட்டுல அடிச்சேன். அது இதுல இல்ல."

தமிழ் தட்டச்சு செய்கிறவர்களுக்கு அந்தக் காலத்தில் இது தலைவலி மாத்திரை போடுவது போன்ற காரியம். மாடியிலிருந்த எழுத்துருவை அதே கேபிள் வழியாகவே கீழே இழுத்துப் போட்டாள். கோப்பை மூடித் திறந்தாள். கொம்புகள் எல்லாம் போய், 'கீழ்க்காணும் வினாக்களுக்கு விடையளி' என்று சுத்தமான தமிழில் நின்றது. உடனே என்னைத் திரும்பிப் பார்த்து, "படிக்காதே" என்றாள். நான் தெருக்கதவுப் பக்கம் போய்விட்டேன்.

பிரிண்டர் மெதுவானது. பக்கத்துக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளையும் இழுக்கும்போது வண்டிமாடு போல மூச்சுவிடும். முப்பத்தெட்டாவது பக்கம் ஐந்து நாற்பதுக்கு வந்தது. தங்கை தாள்களை வகுப்புவாரியாக உறையில் போட்டு ஒட்டாமல் வைத்தாள். என் மனைவி கீரையைப் பொரியல் செய்திருந்தாள். சாப்பிடும்போது யாரும் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசவில்லை. மனைவி மட்டும் ஒரு தடவை, உப்பு எப்படி, எழுதிக்கொள்கிறீர்களா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை காலை எழுத்தர் எட்டுக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோள்பையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாக எடுத்து மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தார். அவர் கேள்விகளைப் படிக்கவில்லை. ஓரத்தில் இருக்கும் மதிப்பெண்ணை மட்டும் பென்சிலால் தொட்டுத் தொட்டுக் கூட்டினார். எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. நான் டீ கொண்டுவந்து வைத்தேன். தங்கை சுவரோரம் நின்றாள்.

ஒன்பதாவது தாளில் அவர் கை நின்றது. மறுபடி முதலிலிருந்து கூட்டினார்.

"ஏழாவது சயின்ஸ் நாப்பத்தெட்டுதாம்மா வருது. அம்பது வரணும்."

தங்கை கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தாள். ஆசிரியர் எழுதியதில் இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று அதிகமாக இருந்தது. பக்கத்தின் அடியில், மடிப்பில். அவள்தான் விட்டிருக்கிறாள். வேறு காரணம் எதையும் சொல்லவில்லை. "நான் விட்டுட்டேன் சார்" என்றாள்.

எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒம்போதேகாலுக்கு பிரேயர். அதுக்குள்ள ஹெச்.எம். கையில இருக்கணும். மத்தியானம் மறுபடி வர்றதுன்னா..."

"நீங்க டீ சாப்புடுங்க சார்."

அவள் மாடியேறினாள். அறைக்கதவு சாத்தும் சத்தமும், பிறகு விசைப்பலகையும் கேட்டன. எழுத்தர் டீயை ஆற்றிக் குடித்தார். நான் கேபிள் போகும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விட்ட கேள்விக்குப் பின்னால் வரும் இரண்டு கேள்விகளின் எண்ணையும் மாற்ற வேண்டும், பக்கமும் தள்ளிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஆறு நிமிடத்தில் இறங்கி வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. நேராகக் கூடத்துக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, மாடியில் இருந்த தாளை அங்கேயே திறந்தாள். பிரிண்டர் மூச்சுவிடத் தொடங்கியது. எழுத்தர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், வெளியே வரும் தாளை நின்றபடியே பார்த்தார். அது முழுதாக வந்ததும் எடுத்து, பென்சிலால் கூட்டினார்.

"அம்பது."

பத்தாவது தாளையும் கூட்டி முடித்தார். உறைகளை அவரே ஒட்டினார். வேறு இடமாக இருந்தால் மறுநாள்தான் வரச் சொல்வார்கள் என்று பொதுவாகச் சொன்னார், யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. பிறகுதான் தோள்பையைக் கழற்றினார். உள்ளேயிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தார். எட்டாம் வகுப்பு, ஐந்து தாள். வரும்போதே கொண்டுவந்திருக்கிறார். எங்கள் வாசலில் ஏறும்போது அதை எங்கே கொடுப்பது என்று அவர் முடிவு செய்திருக்கவில்லை.

"வியாழக்கெழமை ஆவுமாம்மா?" என்று கேட்டார்.

"புதன் சாயங்காலமே வாங்கிக்கங்க சார். கூட்டிப் பாத்தே வெக்கிறேன்" என்றாள் தங்கை.

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை திரும்பும் வரை அவள் வாசலில் நின்றாள். என் மனைவி வேலைக்குக் கிளம்பியவள், போகிற போக்கில் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். நான் சூளைக்குக் கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது. தங்கை ரப்பர் பேண்டைக் கழற்றி முதல் தாளைப் பிரித்து, மடிப்பையும் விரித்து அடிவரை பார்த்தாள். பிறகு கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். எட்டு நாற்பதுக்கு மாடிக் கதவு சாத்தப்பட்டது.